சியாமாசெட்டி: மாக்கி அல்ல, மார்க்கெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு வாரமலரில், யுத்த காலத்தில் வடக்கின் மேல் பறந்த விமானங்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல முயற்சி, தமிழில் யாரும் பெரிதாகத் தொடாத விஷயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இலங்கை விமானப்படை பாவித்த சியாமாசெட்டி என்ற சின்ன இத்தாலிய விமானம் பற்றிய பந்தியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அதைச் செய்தது "இத்தாலியின் மாக்கி கொம்பனி" என்று போட்டிருக்கிறீர்கள். அது "குண்டு போடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட விமானம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலாவது வெறும் பெயர்க் குழப்பம், ஒரு வரியில் திருத்திவிடலாம். இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது, ஏனென்றால் அந்த வரியை அப்படியே நம்பினால் பொறுப்பு முழுவதும் எங்கேயோ இத்தாலியில் மேசையில் இருந்து படம் கீறிய ஒரு மனிதரின் தலையில் போய் விழுகிறது, காசு கொடுத்து வாங்கியவர்கள், சிறகுக்குக் கீழே குண்டு கொளுவச் சொன்னவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் தப்பிவிடுகிறார்கள்.

முதலில் பெயர். மாக்கி என்பது வரேசே நகரத்துக் கொம்பனி, ஜூலியோ மாக்கி 1912இல் பிரெஞ்சு நியூபோர் விமானங்களை அனுமதி பெற்றுச் செய்யத் தொடங்கியது. நாங்கள் பேசுவது வேறு கொம்பனி. அதன் பெயர் சியாய், வட இத்தாலிய நீர்விமானக் கொம்பனி என்பதன் சுருக்கம். அது இருந்த ஊர் செஸ்தோ கலெந்தே. அதுவும் வரேசே மாகாணம்தான், மஜோரே ஏரியின் தென்முனையில், திச்சீனோ ஆறு ஏரியை விட்டு வெளியேறும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர். அலெஸ்ஸாந்த்ரோ மார்க்கெட்டி என்பவர் அதைத் தொடங்கியவர் கூட இல்லை, பிறகு வந்து சேர்ந்த பொறியியலாளர். அவர் பெயரும், "சவோயா" என்ற பழைய விற்பனைப் பெயரும் சேர்ந்து சவோயா மார்க்கெட்டி ஆனது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சியாய் மார்க்கெட்டி ஆனது, அதை நம்முடைய சனம் சியாமாசெட்டி ஆக்கியது. கட்டுரையாளர் குழம்பியதற்கு ஒரு சாட்டும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: 1997இல் மாக்கியின் வாரிசான ஏர்மாக்கி இந்தக் கொம்பனியின் விமானத் தொழிலை வாங்கிவிட்டது. ஆனால் வடக்கின் மேல் அது பறக்கத் தொடங்கிய காலத்தில் அது மாக்கியின் சாமான் இல்லை.

இனி அந்தக் கொம்பனி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆகவே கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1915இல், முதலாம் உலகப் போருக்கு நடுவில், தொமெனிக்கோ சாந்தோனி என்ற விமானத் தொழில்காரரும் லுயீஜி கப்பே என்ற மரத்தொழில் முதலாளியும் சேர்ந்து தொடங்கியது இது. மரத்தொழில் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்து நீர்விமானம் என்பது பாதி வள்ளம். அதன் அடிப்பாகம் மரச்சட்டமும் பலகையும், தண்ணீர் புகாமல் செய்ய வேண்டும், அலையில் மோதி உடையாமலும் இருக்க வேண்டும், அதே நேரம் தூக்கக்கூடிய அளவுக்கு இலேசாகவும் இருக்க வேண்டும். ஏரிக்கரையில் வள்ளம் கட்டிப் பழகிய கைகள் இதற்கு வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் சொந்தமாக எதையும் வடிவமைக்கவில்லை, பிரெஞ்சு எஃப்.பி.ஏ. நீர்விமானங்களை அனுமதியோடு செய்து கொடுத்தார்கள். அப்புறம்தான் சொந்த மொடல்கள் வந்தன.

ஏன் நீர்விமானம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். விமான நிலையம் இல்லாத உலகம் அது. நம்முடைய இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியதே 1935 நவம்பர் 27இல்தான். ஏரி, ஆற்றுமுகம், துறைமுகம் எல்லாம் இயற்கை கொடுத்த ஓடுபாதை, யாரிடமும் காணி வாங்கத் தேவையில்லை. பிறகு இரண்டாம் உலகப் போரில் நம்முடைய கொக்கலை வாவியில் கற்றலீனா நீர்விமானங்கள் நின்றதும், 1943 முதல் 1945 வரை அங்கேயிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்கு ஒரேயடியாக முப்பத்திரண்டு மணித்தியாலம் வரை பறந்ததும் இதே நியாயத்தில்தான்.

சியாய் பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஷ்னைடர் கிண்ணப் போட்டியால். ஜாக் ஷ்னைடர் என்ற பிரெஞ்சுக்காரர் நீர்விமானங்களுக்காக வைத்த வேகப் போட்டி அது, ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை வென்ற நாட்டுக்குக் கிண்ணம் நிரந்தரம். 1919 செப்டெம்பரில் இங்கிலாந்தின் போர்ன்மத் கடற்கரையில் நடந்த போட்டியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். மூடுபனி. ஆங்கிலேயர்களின் விமானங்களும் பிரெஞ்சு விமானங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன, கண் தெரியாமல் எப்படிப் பறப்பது? சியாயின் எஸ். 13இல் வந்த குயீதோ ஜனெல்லோ மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். பத்துச் சுற்றும் முடித்துவிட்டார், இத்தாலியர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். பிறகு பார்த்தால், திரும்ப வேண்டிய இடத்தைக் காட்ட ஒரு வளைகுடாவில் நிறுத்தியிருந்த படகை விட்டுவிட்டு, மாற்றுக்கு என்று வேறிடத்தில் நிறுத்தியிருந்த படகை மனிதர் ஒவ்வொரு சுற்றிலும் சுற்றியிருக்கிறார். தூரம் குறைந்துவிட்டது. இன்னொரு சுற்றுச் சுற்றட்டும் என்று அனுப்பினார்கள், பெற்றோல் முடிந்து கடலில் இறங்கினார். போட்டியே செல்லாது என்று ஆகிவிட்டது. ஆறுதலுக்கு அடுத்த போட்டியை நடத்தும் உரிமையை இத்தாலிக்குக் கொடுத்தார்கள். 1920இல் வெனிசில் லுயீஜி பொலோஞ்ஞா சியாயின் எஸ். 12இல் வென்றார், வென்றார் என்று சொல்வதை விடத் தனியாகப் பறந்து முடித்தார் என்பதே சரி, போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை.

1921இலும் இத்தாலி வென்றது, அந்த முறை மாக்கியின் விமானம். இன்னுமொரு வெற்றி போதும், கிண்ணம் வீட்டோடு. 1922இல் நேப்பிள்ஸ் குடாவில் சியாய் ஒரு புது விமானத்தோடு வந்தது, எஸ். 51. அந்த வருடம்தான் மார்க்கெட்டி கொம்பனிக்குத் தலைமை வடிவமைப்பாளராக வந்தார், அவர் கையில் வந்த வேலை அது. வேகத்தில் அதற்கு அங்கே ஈடு இல்லை. ஆனால் போட்டிக்கு முன் விமானத்தைத் தண்ணீரில் பல மணித்தியாலம் கட்டிவைத்துப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு, அதில் இது கவிழ்ந்து போனது. தூக்கி நிறுத்தி, துடைத்து, பறக்க விட்டார்கள். மரத்தால் ஒட்டிச் செய்த புரொப்பெல்லர் தண்ணீர் குடித்திருந்தது, பறக்கும்போது பிரியத் தொடங்கிவிட்டது, விமானி பாஸ்ஸலேவா வேகத்தைக் குறைத்து இரண்டாவதாக வந்தார். வென்றது சுப்பர்மரீன் என்ற ஆங்கிலக் கொம்பனி. அதே எஸ். 51 அந்த வருட முடிவில் மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தில் பறந்து நீர்விமானங்களுக்கான உலக சாதனை வைத்தது, நேப்பிள்ஸில் வென்ற வேகமோ 235ஐக் கூடத் தொடவில்லை. பசை ஒழுங்காகப் பிடித்திருந்தால் போட்டி 1922லேயே முடிந்திருக்கும், சுப்பர்மரீன் அதே போட்டிக்காக 1931 வரை செய்துகொண்டே போன பந்தய விமானங்களும் அவற்றிலிருந்து பெற்ற அனுபவத்தில் ஸ்பிட்ஃபயரும் எப்படி ஆகியிருக்குமோ, யாரறிவார்.

1925இல் பிரான்செஸ்கோ தெ பினேதோ என்ற விமானி சியாயின் எஸ். 16 வகை நீர்விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, எர்னெஸ்தோ கம்பனெல்லி என்ற ஒரே ஒரு மெக்கானிக்கோடு, செஸ்தோ கலெந்தேயிலிருந்து கிளம்பினார். பாரசீகக் குடா, கராச்சி, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஜாவா, பிறகு அவுஸ்திரேலியாவைச் சுற்றி மெல்பேர்ண், அங்கிருந்து டோக்கியோ, திரும்பவும் ஆசியாவின் ஓரமாக ரோம் நகரத்துத் தைபர் ஆறு. ஏறத்தாழ 55,000 கிலோமீற்றர், ஒரே ஒரு எஞ்சின் பூட்டிய மர விமானம். கொழும்புக்கு வராமல் இந்தியாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விட்டார், வந்திருந்தால் நம் துறைமுகத்தில் ஒரு படமாவது எடுத்திருப்பார்கள். 1920களில் ஒரு சின்ன ஊர்க் கொம்பனிக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

இப்போது எஸ். 55. இதை ஒருமுறை படத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பக்கத்துப் பக்கமாக இரண்டு வள்ளம், இரண்டையும் சேர்த்து மேலே ஒரு தடித்த சிறகு, பின்னால் உடம்பே இல்லை, இரண்டு மெல்லிய சட்டங்கள் நீண்டு போய் வாலைத் தாங்கும். எஞ்சின் இரண்டும் சிறகுக்கு மேலே கால்களில் நிற்கும், ஒன்றன் பின் ஒன்றாக, ஒன்று இழுக்கும் மற்றது தள்ளும். விமானிகள் இருப்பது சிறகுக்குள்ளே, இரண்டு வள்ளத்துக்கும் நடுவில். ஏன் இப்படி? ஏனென்றால் இதை மார்க்கெட்டி கீறியது கடற்படைக்காக, டோர்பிடோ போடுவதற்காக. இரண்டு வள்ளத்துக்கும் இடையில் வெளி விட்டால் டோர்பிடோவைத் தடையில்லாமல் நடுவிலிருந்து விடலாம். 1924இல் பறந்தது. கடற்படைக்கு முதலில் பிடிக்கவில்லை, எஞ்சின் வலு போதாது, தோற்றம் வேறு விசித்திரம்.

அதாவது ஆசிரியர் அவர்களே, இந்தக் கொம்பனியின் சரித்திரத்தில் உண்மையிலேயே போர் ஆயுதமாகப் பிறந்த பெயர் பெற்ற விமானம் இது, ஆனால் உலகம் இதை ஞாபகம் வைத்திருப்பது கடல் தாண்டியதற்காக. 1927இல் தெ பினேதோ இதில்தான் அத்லாந்திக்கைக் கடந்து, தென் அமெரிக்கா முழுவதும் சுற்றி, அமெரிக்காவுக்கு வந்தார். அரிசோனாவில் ஓர் அணைக்கட்டு ஏரியில் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தபோது உதவிக்கு நின்ற ஒரு பையன் சிகரெட் பற்றவைத்துக் குச்சியைத் தண்ணீரில் எறிந்தான், தண்ணீர் மேல் பெற்றோல் மிதந்துகொண்டிருந்தது, விமானம் எரிந்து சாம்பல். பாசிச எதிர்ப்பாளர்களின் சதி என்று இத்தாலியில் கூச்சல் போட்டார்கள், அமெரிக்க அரசாங்கம் வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. முசோலினி அதே மாதிரி இன்னொன்றைக் கப்பலில் அனுப்பினார், தெ பினேதோ பயணத்தை முடித்தார். அதே 1927இல் பிரேசில்காரர் ஜுவாவோ ரிபெய்ரோ தெ பாரோஸ் ஒரு எஸ். 55ஐ வாங்கி, ஜாவூ என்று பெயர் வைத்து, அத்லாந்திக்கைத் தாண்டித் தன் நாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்று உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே எஸ். 55 அதுதான், பிரேசிலில் இருக்கிறது. இத்தாலியில் ஒன்றுகூட இல்லை.

பெரிய ஆட்டம் 1933இல். இத்தாலோ பால்போ, முசோலினியின் கறுப்புச் சட்டைத் தலைவர்களில் ஒருவர், அப்போது விமானத்துறை அமைச்சர், 25 எஸ். 55 விமானங்களை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு ஓர்பெத்தெல்லோவிலிருந்து ஜூலை 1இல் கிளம்பினார். அம்ஸ்டர்டாம், அயர்லாந்து, ஐஸ்லாந்து, கனடா, பிறகு மிச்சிகன் ஏரியில் இறங்கி சிக்காகோ உலகக் கண்காட்சி. போகும்போது அம்ஸ்டர்டாமில் ஒன்று, திரும்பும்போது அசோர்ஸ் தீவில் ஒன்று விபத்தில் போனது, மிச்சம் எல்லாம் வீடு வந்தன. சிக்காகோவில் ஒரு வீதிக்கே பால்போ பெயர் வைத்தார்கள். பாசிசம் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் வெளியாட்களுக்கு இது மாதிரிக் காட்சிகள்தான் காட்டப்பட்டன, வெள்ளைச் சீருடை, வரிசையாக விமானம், கைதட்டு. பறந்தவர்களின் திறமை உண்மை. அந்தத் திறமையை வைத்து எதை விற்றார்கள் என்பதும் உண்மை.

இடையில் 1928இல் ஃபெராரினும் தெல் பிரெத்தேயும் எஸ். 64 என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் ரோமுக்குப் பக்கத்திலிருந்து பிரேசில் கரை வரை 7,000 கிலோமீற்றருக்கு மேல் நிற்காமல் பறந்ததும் இருக்கிறது, அதை இப்படியே தாண்டிப் போகிறேன், இல்லாவிட்டால் கடிதம் வாரமலர் முழுவதையும் பிடித்துவிடும்.

இனித்தான் உங்கள் கட்டுரையோடு நேரடியாகத் தொடர்புபட்ட இடம். 1934 ஒக்டோபரில் இலண்டனிலிருந்து மெல்பேர்ணுக்கு ஒரு பெரிய விமானப் பந்தயம் நடந்தது. அதற்காக மார்க்கெட்டி ஒரு வேகமான பயணிகள் விமானத்தைக் கீறினார், எட்டுப் பேர் போகலாம், மூன்று எஞ்சின். மூன்று எஞ்சின் ஏன் என்றால் அந்தக் கால இத்தாலிய எஞ்சின்களின் வலுவை நம்பி இரண்டோடு நிறுத்த முடியாது. உடம்புக்கு உருக்குக் குழாய்ச் சட்டம், அதன் மேல் உலோகத் தகடு, ஒட்டுப்பலகை, துணி. சிறகு முழுக்க மரம். மற்ற நாடுகள் முழு உலோகத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது செஸ்தோ கலெந்தேயில் இன்னும் தச்சர்கள் வேலை செய்தார்கள். விமானம் பந்தயத்துக்கு நேரத்துக்கு முடியவில்லை. ஆனால் வேகம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது, சாதனை மேல் சாதனை, 1937இல் இஸ்த்ர், டமாஸ்கஸ், பாரிஸ் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் இந்த வகைக்கே.

அந்தப் பயணிகள் விமானம்தான் எஸ்.எம். 79. விமானப்படை பார்த்தது, இது நல்லதாக இருக்கிறதே, குண்டு வைக்க இடம் விட்டுத் தா என்றது. விமானியின் தலைக்கு மேலே துவக்குக்காக ஒரு கூனல் முளைத்தது. ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள், இத்தாலியின் பேர்பெற்ற குண்டுவீச்சு விமானம் ஆனது. அதன் உடன்பிறப்பு எஸ்.எம். 81உம் ஒரு பயணிகள் விமானத்தின் வழி வந்ததுதான், அது எத்தியோப்பியப் போரிலேயே பறந்தது. அந்தப் போரில் இத்தாலிய விமானங்கள் கடுகு வாயு போட்டன என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. பிறகு ஸ்பெயின். 1937 ஏப்ரல் 26இல் குவெர்னிக்காவின் மேல் போன விமானங்களில் பெரும்பாலானவை ஜேர்மனியர்களுடையவை, ஆனால் மூன்று எஸ்.எம். 79உம் இருந்தன. 1938 மார்ச் 16 முதல் 18 வரை மயோர்க்கா தீவிலிருந்து கிளம்பிய எஸ்.எம். 79உம் 81உம் பார்சலோனா நகரத்தின் மேல் மாறி மாறிக் குண்டு போட்டன, செத்தவர்கள் ஆயிரம் பேர் அளவில், பெரும்பாலும் சாதாரண சனம். வீட்டுக்குப் பக்கத்தில் சுரங்க அறை தோண்டி, சத்தம் கேட்டவுடன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளவுக்குள் பங்கர் வெட்டியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பால்போவுக்கு என்ன ஆனது தெரியுமா? 1940 ஜூன் 28இல் லிபியாவில் தொப்ரூக் மேல் ஓர் எஸ்.எம். 79இல் வந்துகொண்டிருந்தார், சற்று முன்தான் ஆங்கிலேயர் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், தரையில் நின்ற சொந்த இத்தாலியப் படையே எதிரி என்று நினைத்துச் சுட்டு விழுத்தியது. சதி என்று கதைத்தவர்கள் உண்டு, ஆதாரம் எதுவும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சியாய் மட்டும் தனியே இப்படி ஆனது போலத் தோன்றும். இரண்டு போருக்கும் இடையில் இத்தாலியில் விமானக் கொம்பனிகள் ஏராளம், சந்தை சின்னது, வாங்குகிற பெரிய ஆள் ஒருவர்தான், அரசாங்கம். மிலான் நகரத்து நார்தி சகோதரர்களைப் பாருங்கள். அது உண்மையிலேயே சின்னக் கொம்பனி. 1935இல் அவர்கள் பறக்கவிட்ட எஃப்.என். 305 அழகான பயிற்சி விமானம், அதன் தூரப் பயண வகை ஒன்று 1939 மார்ச்சில் ரோமிலிருந்து அடிஸ் அபாபாவுக்கு 4,400 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் போனது. ஏன் அடிஸ் அபாபா? இத்தாலி பிடித்து வைத்திருந்த ஊர் அது. விளையாட்டு விமானம் செய்தாலும் சாதனைக்குப் போகிற வழி அரசு போட்ட வழியாகவே இருந்தது. அப்படியொரு நாட்டில் பட்டறை திறந்தவர் நான் பயணிகள் விமானம் மட்டும் செய்வேன் என்று இருந்தால் பட்டறை மூடும். விரும்பித்தான் செய்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம், ஓடர் வந்தபோது யாரும் வேண்டாம் என்று சொன்னதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

போர் முடிந்தபோது இத்தாலி தோற்ற பக்கம். விமானம் கேட்க ஆளில்லை. சியாய் ரயில் பெட்டி வேலை, திருத்த வேலை என்று இழுத்துப் பார்த்தது, 1951இல் கடனில் விழுந்தது, பிறகு சின்னதாக மறுபடி எழும்பியது. நார்தி சகோதரர்கள் போருக்குப் பின் ரிவியேரா என்று ஒரு குட்டி நீர்நில விமானம் செய்தார்கள், அதையும் கடைசியில் சியாய்தான் வாங்கி எடுத்தது. நீர்விமானத்தில் தொடங்கிய கொம்பனி நாற்பது ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் செய்த நீர்விமானத்தை வாங்குகிறது, அது பெரிதாக விற்கவுமில்லை.

விற்றது வேறொன்று. ஸ்தேலியோ ஃப்ராத்தி என்று ஒரு வடிவமைப்பாளர், மிலான்காரர். சிறகைப் பார்த்தாலே அவருடைய கை தெரியும், அவ்வளவு துப்புரவான கோடுகள். அவர் ஏவியாமிலானோ என்ற சின்னக் கொம்பனிக்காகக் கீறிய விமானம் 1964 ஜூலை 15இல் முதன்முதலில் பறந்தது. மூன்று பேர் இருக்கலாம், முழு உலோகம், சக்கரம் உள்ளே மடங்கும், வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கலாம், காசுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை பறந்து மகிழ்கிற சாமான். சியாய் அதன் உரிமையை எடுத்து எஸ்.எஃப். 260 என்று செய்யத் தொடங்கியது. பெல்ஜியம் மாணவ விமானிகளைப் பழக்க வாங்கியது. பிறகு சிறகுக்குக் கீழே ஆயுதம் கொளுவக்கூடிய வகை ஒன்று வந்தது, வாரியர் என்று பெயர், போர் விமானம் வாங்கக் காசு போதாத நாடுகளுக்கு. 1980இல் டர்போ புரொப் எஞ்சின் போட்ட வகை வந்தது. 1985இல் இலங்கை அரசாங்கம் வாங்கியது அதைத்தான். பயிற்சி விமானமாகவும் பாவிக்கலாம், ரொக்கட்டும் குண்டும் கொளுவலாம். வடக்கில் எதற்குப் பாவித்தார்கள் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லப் போவதில்லை.

ஆகவே "குண்டு போடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட" என்ற வரி சரியல்ல. பந்தயத்துக்குச் செய்ததை 1930களில் பார்சலோனாவுக்கு அனுப்பியது போலவே, பொழுதுபோக்குக்குச் செய்ததை 1980களில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு அரசாங்கம் கேட்டது, கொம்பனி துளை போட்டுக் கொடுத்தது, இன்னொருவர் கையெழுத்து வைத்தார். எனக்குத் தெரிந்தவர்கள் சிலர், "விளையாட்டு விமானத்தைத்தானே கொண்டுவந்தார்கள்" என்று ஏதோ நகைச்சுவை போல இதைச் சொல்வதுண்டு, அது எனக்குப் பிடிப்பதில்லை. மரக்கன்று நடுகிற அலவாங்கால் அடித்தாலும் மண்டை உடையும். சின்ன விமானம், மெதுவான விமானம், அதனால்தான் தாழப் பறந்து ஆறுதலாகக் குறி பார்க்க முடிந்தது. கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் விற்பனைப் பக்கத்தையும் பார்க்கட்டும்: இத்தாலியில் எந்த அனுமதியோடு ஏற்றுமதி நடந்தது, பயிற்சி விமானம் என்று பத்திரத்தில் போனதா, ஆயுத விமானம் என்று போனதா. அந்த நாட்டு நாடாளுமன்றப் பதிவுகளும் பழைய பத்திரிகைகளும் தேடினால் கிடைக்கும், இத்தாலி மொழி தெரிந்த நம் பிள்ளைகளும் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

படமும் மாற்றப்பட வேண்டும். நீங்கள் போட்டிருந்தது ஜெற் விமானம். சியாமாசெட்டிக்கு மூக்கில் புரொப்பெல்லர் இருக்கும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு நீண்ட கால வாசகர்

பி.கு.: நார்தி என்றவுடன் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய கார்களுக்குத் தேடித் திரிகிற மரக்கைபிடி போட்ட ஸ்டியரிங் வளையத்தை நினைக்கிறவர்கள் இருப்பார்கள். அது என்றிக்கோ நார்தி, பந்தயக் கார்க்காரர், வேறு ஆள்.